மகன் பள்ளியில் வாய் திறப்பதில்லை: உகாண்டாவிலிருந்து ஒரு தாயின் கேள்வி

கேள்வி: கிறிஸ்தவ ஊழியத்துக்காக நாங்கள் உகாண்டா வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜிஞ்சா நகரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. மகன் வீட்டில் பேசுகிறான், பள்ளியில் வாயே திறப்பதில்லை. எப்போதோ நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் "முயிண்டி, முயிண்டி" என்று பின்னால் வந்து முடியைத் தொட்டுப் பார்ப்பதால் வெளியே வர மறுக்கிறான். "ஊருக்குப் போகலாம்மா" என்று தினமும் அழுகிறான். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மலேரியா பயத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. கணவர் காலையில் போனால் இரவுதான் வருகிறார். அவசரப்பட்டு வந்துவிட்டோமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மலேரியாவை முதலில் பேசிவிடுவோம். அந்தப் பயம் ஒரு ஒழுங்குக்கு வந்தால்தான் மற்றதெல்லாம் உங்கள் காதில் ஏறும். நான் குழந்தைகள் நலச் செவிலியர். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தேன்.

உகாண்டாவில் மலேரியா வருடம் முழுக்க உண்டு. பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை. சிறு குழந்தையை ஓரிரு நாளில் ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சலோடு ஓடியாடுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வந்து அவர்கள் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு சேர்ந்திருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அது இல்லை.

ஆகவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு "காலையில் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், 15, 20 நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் மறுநாள் திரும்பப் பாருங்கள். மலேரியா என்று உறுதியானால் வழக்கமாகத் தருவது ஆர்டிமெதர்-லுமெஃபான்ட்ரின். எடைக்கு ஏற்ற அளவில் 3 நாளில் 6 வேளை, பாலோடு அல்லது கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு. இரண்டாம் நாளே பிள்ளை விளையாட ஆரம்பிக்கும், மருந்தை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். வலிப்பு, தட்டி எழுப்பினாலும் எழாத மயக்கம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, மூச்சு வாங்குவது, சிறுநீர் கறுத்துப் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக மருத்துவமனைதான். நள்ளிரவில் யாருடைய வண்டி, எந்த மருத்துவமனை என்பதை இப்போதே பேசி முடித்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது அந்தக் காகிதத்தை ஒட்டிய பிறகுதான்.

தடுப்பு மாத்திரையைப் பிள்ளைகளின் எடை, வயது பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும். பழைய குளோரோகுயின் அங்கே பலன் தராது. டாக்ஸிசைக்ளினை 8 வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை.

மலேரியா கொசு கடிப்பது அந்தியிலிருந்து விடியற்காலை வரை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். அதற்கு முன்பே முழுக்கைச் சட்டை, கொசுவலை. வலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருக வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செருகுவது பிள்ளைகளின் வேலை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் என் மகன் "கதவு சாத்தியாச்சு" என்பான். நாலாவது கதவு சாத்திய பிறகுதான் கதை. தொந்தரவாக இருந்த வலை, ஒரு மாதத்தில் அவனுடைய கோட்டையாகிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். ஈரத் துணியில், குறிப்பாக நிழலில் காய்வதில், முட்டையிடும் ஒரு ஈ அங்கே உண்டு. மாம்பழ ஈ என்பார்கள். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கொப்புளமாகிவிடும், நடுவில் ஊசிமுனை அளவு துளை தெரியும். எனவே ஜட்டி, படுக்கை விரிப்பு வரை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போடுங்கள். அப்புறம், விக்டோரியா ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். தண்ணீரிலிருந்து தோல் வழியாக உடம்புக்குள் புழு போகும் பில்ஹார்சியா நோய் வரும்.

சரி, மகனுக்கு வருவோம்.

இந்தப் பயணத்துக்கான அழைப்பு உங்களுக்கும் கணவருக்கும் வந்தது. ஜெபித்தீர்கள், முடிவெடுத்தீர்கள், சபை வழியனுப்பியது. அவனுக்குத் தாத்தா, பாட்டி, தெரு, நண்பன், பள்ளி எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. அவன் அழுவது துக்கம். அதை நம்பிக்கைக் குறைவாகவோ அடமாகவோ பார்க்காதீர்கள். "ஆண்டவர் நம்மை இங்கே வைத்திருக்கிறார், அழக்கூடாது" என்று ஒரு வசனத்தோடு அவன் வாயை அடைத்தால், கொஞ்ச நாளில் கடவுள்தான் என் தாத்தாவை என்னிடமிருந்து பிரித்தார் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அப்படி நினைத்தபடியே வளர்ந்த மிஷனரி பிள்ளைகளிடம் நான் பேசியிருக்கிறேன். பேசும்போது அவர்களுக்கு நாற்பது வயது.

என் மகள் ஒரு வருடம் பழைய வீட்டின் மாடிப்படியையே வரைந்துகொண்டிருந்தாள். "இங்கே இருக்கிற பலாமரத்தை வரையேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை படி இருந்தது?" என்று கேட்டேன். பதினேழு என்றாள். அன்று படியைத் தாண்டி வீடு முழுவதையும் வரைந்தாள். மகன் அடுத்த முறை அழும்போது நீங்களும் ஊரைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கும் அழுகை வந்தால் அழுங்கள்.

பள்ளியில் பேசாததைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். வீட்டில் பேசுகிறான் என்பதுதான் முக்கியம். பள்ளியில் காதில் விழுவது பெரும்பாலும் அந்த வட்டார மொழியான லுசோகா, வீட்டில் தமிழ். உகாண்டாவில் 2007 முதல் கிராமப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளை வட்டார மொழியில் நடத்துவதுதான் கொள்கை. எனவே நீங்கள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலமும் அவனுக்குக் கைகொடுக்காமல் இருக்கலாம். புது மொழிக்குள் போகும் பிள்ளை சில மாதம் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். அவனைப் பேச வைக்க ஒரே ஒரு பிள்ளை போதும். அக்கம்பக்கத்தில் நிதானமான ஒருவனைத் தேர்ந்தெடுத்து, வாரம் இரண்டு நாள், ஒரு பந்தோடு உங்கள் முற்றத்துக்குக் கூப்பிடுங்கள். பத்துப் பேரை அல்ல, ஒருவனை. விடுதிப் பள்ளி யோசனையை யாராவது சொல்வார்கள், அங்கே அது சாதாரணம். ஆறு வயதில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

படுக்கையை நனைப்பதற்குத் திட்டாதீர்கள், தங்கை முன்னால் பேசாதீர்கள். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் மட்டும் சிறுநீரும் சர்க்கரையும் பரிசோதிக்க வேண்டும்.

"முயிண்டி" என்றால் இந்தியர், வசைச்சொல் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் இந்தியர் என்றால் கடைக்காரர். 1972 ஆகஸ்டில் அன்றைய அதிபர் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை வெளியேற்றியதும், பின்னாளில் பலர் திரும்பி வந்ததும் பெரியவர்கள் நினைவில் இருக்கும். அந்தப் பார்வை மாற நாளாகும். மகனுக்கு இரண்டு வார்த்தை கற்றுக்கொடுங்கள். கூப்பிடுகிறவர்களைப் பார்த்து நின்று "ஒலி ஓத்யா", அதாவது எப்படி இருக்கிறாய். இது லுகாண்டா என்ற பக்கத்து மொழிதான், ஆனால் ஜிஞ்சா பக்கம் புரியும். முடியைத் தொட வந்தால் "நெத்தா", வேண்டாம். விருந்தாளி மனம் நோகும் என்று நீங்கள் அவனை அடக்காதீர்கள். அவன் உடம்பு ஊழியத்துக்குக் கொடுத்த காணிக்கை அல்ல.

பொம்மையும் அப்படித்தான். மிஷனரி வீட்டில் எல்லாவற்றையும் பிள்ளைகள் பகிர வேண்டியிருக்கிறது, அப்பாவைக்கூட. ஆளுக்கு ஒரு பெட்டி கொடுங்கள். அதில் உள்ளதை யாருக்கும் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள். ஆதரவாளர்களுக்கு எழுதும் ஜெபக் கடிதத்தில் மகன் படுக்கையை நனைப்பதை எழுதாதீர்கள். அது அவன் விஷயம்.

வாழைக்காயை வேகவைத்து மசித்த மத்தோக்கேயை மகள் தொடாவிட்டால் போகட்டும். சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டித் தரும் ரோலக்ஸ் உகாண்டாவில் தெருவுக்குத் தெரு கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். பலா, மாம்பழம், பப்பாளி, நிலக்கடலைக் குழம்பு இருக்கின்றன. எடை குறையாதவரை சண்டை போடாதீர்கள்.

இந்தியாவில் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. உங்களுக்கு மாலை 5 என்றால் தாத்தா வீட்டில் 7.30. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தவறாமல் பேச வையுங்கள்.

இதைக் கணவரும் வாசிக்கட்டும்: தம்பி, வாரத்தில் ஒரு முழு நாளும், முடிந்தவரை எல்லா இரவும், சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இருங்கள். நாள் முழுக்க மொழி தெரியாத ஊரில் இரண்டு குழந்தைகளோடு தனியாக இருப்பது உங்கள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அந்த ஊரை எடை போடுகிறார்கள்.

அவசரப்பட்டீர்களா என்பதை நான்காம் மாதத்தில் முடிவு செய்யாதீர்கள். பல குடும்பங்களுக்கு ஒரு வருடம் ஆகிறது. ஆனால் மகன் வீட்டிலும் பேச்சை நிறுத்தினால், விளையாட்டே போனால், எடை இறங்கினால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், அனுப்பிய மிஷனிடம் உடனே சொல்லிக் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்காக ஊர் திரும்ப நேர்ந்தால் அது தோல்வி இல்லை.

விடுமுறைக்கு வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை நாலு பேருக்கும் கையில் இருக்க வேண்டும். உகாண்டாவிலிருந்து அது இல்லாமல் இறங்கினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். பாஸ்போர்ட்டோடு அட்டையும் இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.