தூய அறையில் திரும்பத் திரும்ப வரும் பேசில்லஸ்

வணக்கம். நாள்தோறும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தும், உங்கள் மருந்து உற்பத்தித் தூய அறையின் நுண்ணுயிர் வளர்தட்டுகளில் பேசில்லஸ் என்னும் பாக்டீரியாவின் திரட்டுகள் தொடர்ந்து தோன்றுவதாக எழுதியிருந்தீர்கள். ஆல்கஹால் வளர்நிலையில் உள்ள பாக்டீரியாக்களைக் கொல்லுமே தவிர, பேசில்லஸ் உருவாக்கும் ஸ்போர்களை, அதாவது கடும் சூழலையும் தாங்கும் உறங்குநிலை வடிவங்களை, அழிக்காது. பெர்அசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த ஸ்போர்கொல்லியை முறையான இடைவெளியில் பயன்படுத்துங்கள். தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம் முழுவதும் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும், பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், விண்கலம் பொருத்தும் கூடத்தில் கிடைத்த பேசில்லஸ் புமிலஸ் எஸ்ஏஎஃப்ஆர்-032 வகையின் ஸ்போர்கள் பெராக்சைடையும் புற ஊதாக் கதிரையும் வியக்கத்தக்க அளவு தாங்கின. ஆகவே உங்கள் அறையில் பிரித்தெடுத்த திரட்டின் ஸ்போர்களைக் கொண்டே அந்தக் கொல்லியைச் சோதித்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னதாக, அட்டைப்பெட்டிகள் உள்ளே வருகின்றனவா என்று பாருங்கள். மனிதத் தோலிலிருந்து உதிர்பவை பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா இனங்களே. பேசில்லஸோ மண்ணுக்கும் தூசிக்கும் உரியது என்பதால், பணியாளர்கள் ஆடை அணியும் முறையைக் குறை சொல்வதற்கு முன், பொருள்களும் தள்ளுவண்டிச் சக்கரங்களும் நுழையும் வழியில் மாதிரி எடுங்கள்.