வாசகர் கேள்வி பதில்: மகனை எந்த இல்லத்தில் சேர்ப்பது?

கேள்வி: எங்கள் ஒரே மகனுக்கு 27 வயது. ஆட்டிசம் உள்ளவன், பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் பேசமாட்டான். எனக்கு 66 வயதாகிறது. மனைவியால் இப்போது அவனைக் குளிப்பாட்டக்கூட முடியவில்லை. சென்னைக்கு அருகே நீச்சல் குளம், கண்காணிப்புக் கேமரா எல்லாம் உள்ள பெரிய இல்லம் ஒன்றை உறவினர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவில் 12 பேர் மட்டும் தங்கும் எளிய இல்லம் ஒன்றும் இருக்கிறது. எதை நம்புவது ஐயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

பதில்: நீச்சல் குளத்தை மறந்துவிடுங்கள். மற்றவை ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்குமானால், நீங்கள் நினைத்த நேரத்தில் போய் நிற்கக்கூடிய இல்லமே நல்லது என்பேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்று 24 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்று, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்காக நடந்துவந்தது. ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம். அரசின் தரக் கண்காணிப்பு ஆணையத்தில் முறையான பதிவும் இருந்தது. அங்கே பணியாளராகச் சேர்ந்த செய்தியாளர் ஒருவர் மறைத்து வைத்த கேமராவில் எடுத்த காட்சிகளை 2011 மே மாதம் பிபிசி ஒளிபரப்பியபோதுதான், அங்கிருந்தவர்களை அறைவதும், தரையில் அழுத்திப் பிடிப்பதும், உடுத்திய துணியோடு தண்ணீரில் நனைப்பதும் அன்றாட நடப்பாக இருந்தது வெளியே தெரிந்தது. அதற்கு முன்பே மூத்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்திடமும் ஆணையத்திடமும் முறையிட்டும் பலன் கிடைக்கவில்லை. பின்னர் 11 பணியாளர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, 6 பேர் சிறை சென்றனர், மருத்துவமனையும் மூடப்பட்டது. அங்கிருந்தவர்களில் பலர் சொந்த ஊரை விட்டு வெகுதொலைவில் இருந்தவர்கள் என்பதையும், பார்க்க வந்த குடும்பத்தாரை அவர்கள் வசித்த அறைகள் வரை விடவில்லை என்பதையும் கவனியுங்கள். பணமும் பதிவும் இருந்தன. உள்ளே பார்க்கும் கண்தான் இல்லை.

ஆகவே இரண்டு இல்லங்களுக்கும் சொல்லாமல், மாலை ஆறு மணிக்குமேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள், சாப்பிட மறுத்தால் என்ன செய்வார்கள், தலையை முட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். முதலில் பல்வலியா, மலச்சிக்கலா, காதுக்கு ஒவ்வாத இரைச்சலா என்று பார்ப்பதாகச் சொல்பவர், பேச வராதவரின் உடம்பு பேசுவதைக் கேட்கத் தெரிந்தவர். "கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் சரியாகிவிடும்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 'பழகும்வரை மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்' என்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி இல்லத்துக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அது கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். இன்னொன்று: 18 வயது கடந்த மகனுக்கு நீங்கள் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் இப்போதே விண்ணப்பியுங்கள். உங்கள் காலத்துக்குப் பிறகு இல்லத்துக்குள் நுழைந்து கேள்வி கேட்கும் உரிமையுடன் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா?

கேள்வி: ஓராண்டாக இல்லத்தில் இருக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தால் நாளெல்லாம் தூங்குகிறாள். "முன்புபோல் கத்துவதில்லை, அமைதியாகிவிட்டாள்" என்கிறார்கள். மகிழ்வதா, பயப்படுவதா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள் அம்மா. எந்த மருந்து, எந்தத் தேதியிலிருந்து, எந்த நோய்க்காக, யார் எழுதிக் கொடுத்தது என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுள்ள 30,000 முதல் 35,000 பெரியவர்கள், அதற்குரிய மனநோய் ஏதுமின்றியே மனநல மருந்துகளை நாள்தோறும் உட்கொள்வதாக அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் கணக்கிட்டது. மறு ஆண்டே அம்மருந்துகளைக் குறைப்பதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கட்டிப்போட்டால் தழும்பு தெரியும், மாத்திரை தந்தால் தெரியாது. ஆனால் நீங்களாக ஒருநாளும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து. இல்லத்தோடு தொடர்பில்லாத மனநல மருத்துவர் ஒருவரிடம் மகளையும் சீட்டையும் கொண்டு காட்டுங்கள். சீட்டைத் தர மறுத்தாலோ, உடம்பில் காயம் இருந்தாலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். கொடுமை நடக்கிறது என்று தோன்றினால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம். மகளைத் திரும்ப அனுப்பும் தேதியை, மருத்துவர் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.