குருஜியோடு போகும் கேதார்நாத் யாத்திரையில், மூட்டுவலிக்காக ஹெலிகாப்டரில் போனால் அம்மாவுக்குப் போன முறை போலத் தலைவலி வராதா?

வரலாம். ஹெலிகாப்டர் மூட்டுவலிக்குத்தான் உதவும், உயரத்துக்கு உதவாது. ஹெலிகாப்டர் கிளம்பும் குப்தகாசியின் உயரம் சுமார் 1,300 மீட்டர், கேதார்நாத் 3,583. சில நிமிடங்களில் அவ்வளவு ஏறினால் உடம்பு பழக நேரமே இல்லை.

போன முறை பத்ரிநாத்தில் (சுமார் 3,100 மீட்டர்) வந்த தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் உயர நோய்தான், அதாவது உயரத்தில் காற்று மெலிவதால் வரும் தொல்லை. ஒரே நாளில் பஸ்ஸில் ஏறி அங்கேயே தூங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொல்லை வழக்கமாகப் போய்ச் சேர்ந்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதனால் எதில் போகிறார் என்பதைவிட எங்கே தூங்குகிறார் என்பதுதான் முக்கியம்.

பயணத் திட்டத்தில் ஒவ்வொரு இரவும் தங்கும் ஊரின் உயரத்தைக் குறித்துப் பாருங்கள். குருஜி மேலே இரவு சத்சங்கம் வைத்திருந்தால், அம்மா மட்டும் தரிசனம் முடித்து அன்றே இறங்கட்டும். கிளம்பும் முன்பே குருஜியிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய் அவர் முன்னால் 'முடியவில்லை' என்று சொல்ல நம் அம்மாக்களுக்கு வாய் வராது. அன்று உபவாசமும் வேண்டாம்.

மேலே தலைவலி வந்தால், குதிகாலை முன்காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மருத்துவ முகாமில் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு உடனே இறக்குங்கள். ஆக்சிஜன் கிடைத்துவிட்டதே என்று அங்கேயே தங்கிவிடக் கூடாது.

மேகம் மூடினால் ஹெலிகாப்டர் பறக்காது. டோலிக்கும், கூட இறங்கி வர ஓர் ஆளுக்கும் முன்பே ஏற்பாடு வேண்டும். உயர நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிபி மாத்திரை, சல்ஃபா வகை மருந்து அலர்ஜி இரண்டையும் சொல்லாமல் வாங்க வேண்டாம்.