ஐஸ் ஹாக்கி மட்டையில் பி88 வளைவிலிருந்து பி28-க்கு மாறியதும் ஷாட் ஏன் மேலே பறக்கிறது?

பி88, பி28 என்பவை மட்டையின் அடியிலுள்ள பிளேடின் வளைவு வடிவத்தைக் குறிக்கும் குறியீடுகள். பி88-இன் வளைவு பிளேடின் நடுப்பகுதியில் இருக்கும், முகமும் (அடிக்கும் பரப்பு) அதிகம் திறந்திராது. பி28-இல் வளைவு நுனியருகே கூடி, முகம் மேல்நோக்கித் திறந்திருப்பதால், பழைய கைப்பழக்கத்திலேயே அடித்தால் பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) கோலின் மேல்கம்பத்துக்கு மேலே போய்விடுகிறது. எனவே பக்கை நுனிப் பக்கம் வைத்து இழுத்து, விடும் கணத்தில் மணிக்கட்டுகளை உருட்டி முகத்தை மூடி, மட்டையின் நுனி இலக்கைச் சுட்டும்படி தாழ்வாக முடியுங்கள். நெருங்கி நின்று சட்டென்று மேல்மூலைக்குத் தூக்க இந்த வளைவு மிக அருமையானது. ஆனால் பிளேடின் பின்புறத்தால் தரும் பேக்ஹேண்ட் பாஸ் நிச்சயமாகக் கடினமாகும். கோலிலிருந்து தள்ளியிருக்கும் நீலக்கோட்டிலிருந்து, மட்டையை ஓங்கி வீசி ஸ்லாப்ஷாட் அடிக்கும் தடுப்பாட்டக்காரர் என்றால், பி88-ஐ விடவே வேண்டாம் என்பேன். முன்கள ஆட்டக்காரருக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட பி92-ஐ முதலில் பழகுவது நல்லது. மட்டையின் நீளத்தையும் விறைப்பையும் மட்டும் அப்போது மாற்றாதீர்கள்.