நீண்ட நாள் மூடியிருந்த பாடசாலை மீண்டும் திறக்கும்போது தொற்றுநோய் பரவுவதை எப்படிக் குறைக்கலாம்?

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஆரம்பப் பிரிவு ஆசிரியராக இருக்கிறேன். ஆகவே இதனை வைத்தியரின் பதிலாக அல்லாமல் வகுப்பறையில் நிற்பவரின் பதிலாகவே கொள்ள வேண்டும்.

கொரோனாவுக்காக மூடப்பட்டிருந்த பாடசாலைகளுள், 200 இற்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட ஆரம்பப் பாடசாலைகள் 2021 ஒக்ரோபர் 21 ஆம் திகதி முதலில் திறக்கப்பட்டன. எங்களுடையதும் அவற்றுள் ஒன்று. வாசலில் வெப்பமானி, தண்ணீர் வாளி, சவர்க்காரம் என எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு நாள், காலையில் வெப்பமானிக்கு நெற்றியைக் காட்டிவிட்டு வந்த தரம் 3 பிள்ளை பத்து மணியளவில் மேசையில் தலை சாய்த்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. விசாரித்தபோது, பெரும்போக விதைப்பு வேலைக்குப் பெற்றோர் இருவரும் போக வேண்டியிருந்ததால், விடியற்காலையில் பனடோல் கொடுத்து அனுப்பியிருந்தார்கள் என்று தெரிந்தது. வாசலில் நாங்கள் அளந்தது பனடோலைத்தான்.

அன்றிலிருந்து, நோயுற்ற பிள்ளை வீட்டில் தங்குவதற்குத் தடையாக இருப்பவற்றை நீக்குவதே முதல் வேலை என்று கருதுகிறேன். காய்ச்சல் மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம் ஆகும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றும், கொப்புளிப்பான் வந்தால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை வைத்திருக்க வேண்டும் என்றும் நாம் சொல்லலாம். ஆனால் ஒரு நாளும் தவறாமல் வந்தவருக்குப் பரிசளிப்பு விழாவில் பரிசு என்று மறுபக்கம் அறிவித்தால், பெற்றோர் எதைக் கேட்பார்கள்? உயர்தர வகுப்புகளில் பரீட்சைக்குத் தோற்றத் தேவையான 80 சதவீத வரவு பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. நாங்கள் அதிபருடன் பேசி அந்தப் பரிசை நிறுத்தினோம். சுகவீன விடுப்பைப் பதிவேட்டில் தனியாகக் குறித்தோம். தவறிய பாடத்தை அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பியில் கொடுத்தனுப்பினோம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைக்கு இவை எதுவும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். யாரேனும் ஓர் அம்மம்மாவையோ பெரியம்மாவையோ முன்கூட்டியே கேட்டு வைக்கும்படிதான் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல முடிந்தது.

அடுத்தது காற்று. கொரோனாவும் இன்புளுவன்சாவும் மூச்சோடு வெளிவரும் நுண்துளிகளால் பரவுபவை. சின்னமுத்து வைரசு மூடிய அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை தங்கக்கூடியது. அரைச்சுவர் வைத்த எங்கள் பழைய வகுப்பறைகள் இந்த விடயத்தில், புதிதாகக் கட்டிய குளிரூட்டி அறையைவிட மேலானவை. ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் புழுதிக்காகச் சன்னலைச் சாத்துகிறோம். மாரியில் சாரலுக்காகப் படங்கு இறக்குகிறோம். அப்படியானாலும் காற்றுக்கு மறுபக்கத்தைத் திறந்தே வைப்பதும், ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் சில நிமிடங்கள் இரு பக்கத்தையும் திறந்துவிடுவதும் முடியாத காரியங்கள் அல்ல.

கை கழுவுவதைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: வாந்தி, வயிற்றோட்டத்தைப் பரப்பும் நோரோ வைரசுக்குக் கையில் பூசும் தொற்றுநீக்கித் திரவம் போதாது, மலசலகூடத்துக்கு அருகில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கவே வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பலர் மறப்பது டெங்கு. மார்கழி விடுமுறையும் மாரி மழையும் ஒன்றாக வருகின்றன. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், யாருமில்லாத பாடசாலை மிக வசதியான இடமாகிவிடுகிறது. இந்த நுளம்பு பகலில் கடிப்பது. அதாவது பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்திலேயே. அதனால் திறக்கும் நாள் காலையில் கூட்டிப் பெருக்குவதில் பயனில்லை, இரண்டு மூன்று நாள் முன்பே சிரமதானம் வைக்க வேண்டும். கூரைப் பீலி, பாவிக்காத மலசலகூடத்தின் தண்ணீர்த் தொட்டி, விளையாட்டு மைதானத்து ரயர், சிரட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏனெனில் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதம் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். எங்கள் பாடசாலையில் இவ்வேலைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தவணைத் தொடக்கத்திற்கு ஒரு வாரம் முன்பே அழைக்கிறோம். திறந்த பிறகு அழைத்த வருடம், அவர் முதலில் குடம்பிகளைக் கண்டது அலுவலகத்துப் பூச்சாடித் தட்டில்.