பதினாறு இலக்க மாலைமாற்று எண்: எக்செல் செய்யும் மாற்றமும் எண்ணின் உள்ளமைப்பும்

வெள்ளவத்தையில் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “வினாத்தாளுக்காக 1234567887654321 என்ற எண்ணை எக்செலில் இட்டபோது கடைசி 1 மறைந்து 0 வந்துவிட்டது. என்ன செய்யலாம்? இது முதன்மை எண்தானா என்பதைக் கணிப்பான் இல்லாமல் மாணவருக்குக் காட்ட வழி உண்டா?”

எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, அதற்குப் பின் வருவனவற்றைப் பூச்சியமாக்கிவிடும். அதனால் உங்கள் எண் 10 ஆல் வகுபடும் வேறோர் எண்ணாகிவிட்டது. தட்டச்சிடுவதற்கு முன் அந்தக் கலத்தை உரை வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் எண் சிதையாமல் அச்சாகும். கணிக்கவும் வேண்டுமென்றால், முழு எண்களை இலக்க வரம்பின்றிக் கையாளும் பைத்தன் என்ற நிரல்மொழியே ஏற்றது.

இது முதன்மை எண் அன்று. அதைக் காட்டக் கூட்டல் தெரிந்தால் போதும். வலப்புறமிருந்து எண்ணும்போது, ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகைக்கும் இரட்டை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம் 0 ஆகவோ 11 இன் மடங்காகவோ இருந்தால் அவ்வெண் 11 ஆல் வகுபடும். இங்கே முதலாம் இடத்து 1 இன் இணை 16 ஆம் இடத்திலும், மூன்றாம் இடத்து 3 இன் இணை 14 ஆம் இடத்திலும் நிற்பதால், இரண்டு கூட்டுத்தொகைகளும் 36 என்று சமமாகிவிடுகின்றன. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையாக உள்ள எல்லா மாலைமாற்று எண்களுக்கும், அதாவது இருபுறமிருந்தும் ஒன்றுபோலவே வாசிக்கப்படும் எண்களுக்கும், இது பொருந்தும். ஆகவே அவற்றுள் முதன்மை எண்ணாக இருப்பது 11 மட்டுமே. மாணவர்கள் இதைத் தலைகீழாக்கி, எண்ணிக்கை ஒற்றையானால் 11 ஆல் வகுபடாது என்று எழுதிவிடக்கூடும். 121 ஐ உடனே காட்டிவிடுங்கள்.

ஆனால் இந்த எண்ணின் உண்மையான அழகு அது பிறக்கும் விதத்தில் இருக்கிறது. 11111111 ஐ 111111111 ஆல் நெடும்பெருக்கலாகப் பெருக்கச் சொல்லுங்கள். எட்டு ஒன்றுகள் கொண்ட வரி, ஒவ்வோர் இடமாக இடப்புறம் நகர்ந்து ஒன்பது முறை எழுதப்படும். வலது ஓர நிரலில் ஓர் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று வளர்ந்து, எட்டாம் ஒன்பதாம் நிரல்களில் எவ்வெட்டாகி, பின் அதே ஒழுங்கில் குறையும். எந்த நிரலும் 9 ஐத் தாண்டாததால் மிச்சம் கொண்டுபோக வேண்டியதில்லை. உங்கள் எண் அப்படியே விடையாக வந்து நிற்கும்.

காரணிப்படுத்தலும் இதனால் எளிதாகிறது. 11111111 என்பது 11 × 73 × 101 × 137. 111111111 என்பது 3² × 37 × 333667. இவை எல்லாம் முதன்மைக் காரணிகள் என்பதால், அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் மொத்தக் காரணிகள் 3 × 2⁶, அதாவது 192.

வினாத்தாளில் நிறைவர்க்கம் ஒன்றையும் சேர்க்க விரும்பினால், ஒன்பது ஒன்றுகளின் வர்க்கமான 12345678987654321 ஐக் கொடுங்கள். பத்து ஒன்றுகளுக்குப் போகவேண்டாம். அங்கே நடு நிரல் 10 ஆகி மிச்சம் ஏறுவதால், 1234567900987654321 என்று மாலைமாற்று குலைந்துவிடும்.