இரவில் அவிழ்த்துவிடும் நாய் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் கழனி. நாட்டு நாய்கள் இரண்டு, ஒன்று பெட்டை. தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. காட்டுப்பன்றி வேர்க்கடலையைத் தோண்டாமலிருக்க ராத்திரியில் அவிழ்த்து விடுவோம். நான்கு நாள் முன்பு விடிகாலையில் வாயெல்லாம் ரத்தத்தோடு வந்தன. ஏரிக்கரையில் புள்ளிமான் செத்துக் கிடந்ததாக ஊரில் சொன்னார்கள். நேற்று பக்கத்துக் கழனிக்காரரின் வெள்ளாட்டுக் குட்டியைக் கடித்துவிட்டன. இனி வந்தால் விஷம் வைப்பேன் என்கிறார். கட்டிப்போட்டால் காவல் போய்விடும், வாயில்லா ஜீவனைக் கட்டுவது பாவம் என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஆட்டுக்குட்டி. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். இன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், செலவு உங்களுடையது. கடிபட்ட ஆட்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு.

நாய்கள் இரண்டையும் கடித்த நாளிலிருந்து பத்து நாள் அடைத்துவைத்துப் பாருங்கள். பத்து நாளும் தெம்பாக இருந்தால், கடித்த அன்று அவற்றின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை. அதுவரை அவற்றுக்கு ஊசி வேண்டாம். ஊசியால் வரும் சோர்வையும் நோயின் அறிகுறியையும் பிரித்தறிய முடியாமல் போகும். ஆனால் வீட்டில் யார்மீதாவது பல் பட்டிருந்தால் இந்தப் பத்து நாள் கணக்கு அவருக்குக் கிடையாது. காயத்தைக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும்.

இனி காவல். அவிழ்த்துவிட்ட நாய் உங்கள் கழனியைக் காப்பதில்லை. உங்கள் இரண்டோடு ஊர் நாய்கள் நாலைந்து சேர்ந்தால் அது ஒரு வேட்டைக் கூட்டம். மோப்பம் பிடித்து ஏரிக்கரைவரை போய்விடும். அந்த நேரத்தில் பன்றி சாவகாசமாக உங்கள் கடலையைத் தோண்டும்.

மான் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பங்குனி தொடங்கி ஜவ்வாது மலை ஓடைகள் வற்றியதும் மான்கள் ஏரிக்கும் பம்புசெட் தொட்டிக்கும் இறங்கிவரும். நாய்க்கூட்டம் மடக்குவது அங்கேதான். கடி படாமல் தப்பிய மானும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. உயிர்பயத்தில் ஓடியதிலேயே தசை சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துபோகும். தாய் மான் குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். அசையாமல் கிடக்கும் அந்தக் குட்டியையும் நாய் மோந்து கண்டுபிடித்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துரத்திப் பிடிப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது. இன்னொரு மான் அடிபட்டுக் கிடந்தால் துரத்தாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூட்டத்தை விலக்கிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

அதற்காக ராத்திரியில் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பதும் தீர்வல்ல. வேலூர் மாவட்டத்தின் காட்டோரங்களில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது, கே.வி.குப்பம் பக்கம் 2024 டிசம்பரில் ஓர் இளம்பெண்ணையே கொன்றது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. வெட்டவெளியில் கட்டிய நாய் அதை உங்கள் வாசலுக்கே அழைத்துவரும்.

வேண்டியது கூண்டு. ஒரு நாய்க்கு ஆறடி நீளம், நாலடி அகலம், நிமிர்ந்து நின்று சுத்தம் செய்யும் உயரம். சங்கிலிக்கண் வேலி வேண்டாம், வளைந்து கொடுக்கும், வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். சிறுத்தையின் கால் நுழையாதபடி வலைக் கண் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் இருக்கட்டும். மேற்புறமும் மெஷ் வேண்டும், வெறும் தகரம் போதாது. அடிப்பக்கம் ஓரடி ஆழத்துக்குக் கல் வைத்துக் கட்டாவிட்டால் நாயே தோண்டி வெளியேறிவிடும். வேலூர் வெயிலில் தகரக் கூரை அடுப்பாகக் காயும்; அதன்மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். கூண்டை வீட்டுச் சுவரை ஒட்டி, முகப்பு கழனியைப் பார்த்திருக்குமாறு வையுங்கள். பன்றி வந்தால் நாய் அங்கிருந்தே குரைக்கும். டார்ச்சோடு போய் விரட்ட வேண்டியது நீங்கள். அதுதான் காவல்.

பகலில் ஓடுகம்பி. இரண்டு கம்பங்களுக்கிடையே ஏழடி உயரத்தில் இருபதடிக்குக் கனமான ஜிஐ கம்பியை இழுத்துக்கட்டி, அதில் வளையம் மாட்டி, வளையத்தில் சங்கிலியைக் கோர்க்க வேண்டும். கம்பத்துக்கு மூன்றடி முன்பே ஒரு தடுப்பு முடிச்சு இருக்கட்டும். இல்லாவிட்டால் நாய் கம்பத்தைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். சங்கிலியில் சுழல் கொக்கி கட்டாயம். நாய் படுக்கிற அளவுக்கு நீளமும், எட்டும் தூரத்தில் நிழலும் தண்ணீரும் வேண்டும். கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை பாருங்கள்; பட்டை சதைக்குள் இறங்கிப் புழு வைத்த கழுத்துகள் கிராமத்தில் சாதாரணம், பார்க்கவே மனம் பதறும். காலையும் மாலையும் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்துங்கள். எந்நேரமும் கட்டிக்கிடக்கிற நாய் கடிநாயாக மாறும்; அப்பா சொல்லும் பாவம் அதுதான்.

பத்து நாள் முடிந்ததும் இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதத்தில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். குட்டிகளுக்கு மூன்று மாத வயதில் தொடங்கலாம். மருந்தை வாங்கிக்கொண்டு போவதானால் ஐஸ் பெட்டி வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இல்லாத மருந்து பலன் தராது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியையும் விடாதீர்கள். 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது அவற்றில் கண்டறிந்தது இந்த வைரஸைத்தான். நம் மலையில் நரிக்கும் இது உங்கள் நாயிடமிருந்து போகலாம்.

பெட்டைக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சினை 63 நாள். கொண்டுவிட இடமில்லாத குட்டிகளே ஏரிக்கரைக் கூட்டமாகின்றன. கடுவனுக்கும் செய்தால் ஊர்சுற்றுவது குறையும்; காவல் குணம் குறையாது. செத்த கோழியையும் ஆட்டுக் குடலையும் ஏரிக்கரையில் எறியாமல் ஆழமாகப் புதைக்க ஊராரிடம் பேசுங்கள்.

விஷம் வைப்பது குற்றம். அதைத் தின்று செத்த நாயைத் தின்னும் நரியும் பருந்தும் சேர்ந்து சாகும். ஆனால் இதைப் பக்கத்துக் கழனிக்காரரிடம் சட்டம் பேசுவதுபோல் சொல்ல வேண்டாம். நாயை அடக்காமல் விட்டு ஆபத்து வரவழைத்தால் உங்களுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆவது பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கூண்டு வேலையைத் தொடங்கிய அன்றே அவரைக் கூட்டிவந்து காட்டுங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள். ஆட்டுக்குட்டி பிழைக்காவிட்டால் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.